நாற்பது கிலோமீட்டர் குறைச்சல்

பாண்டுரங்கன் அழுததை நான் கண்ணால் பார்க்கவில்லை. போனில் கேட்டேன். மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். ஆறு மாதம் காத்திருந்து வாங்கிய அழுகை அது. கேட்கக் கேட்க எனக்கு வயிறு நிறைந்தது. இப்படிச் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி, முழுவதும் கேட்டுவிட்டு நினையுங்கள்.

என் பெயர் ராஜாக்கண்ணு. ஜவ்வாது மலை அடிவாரத்தில் வீடு. போளூரில் கண்ணாயிரம் முதலாளியின் லாரி செட்டில் பதினாறு வருடமாக ஓட்டுகிறேன். மொத்தம் ஏழு வண்டி, ஏழு டிரைவர். போகும்போது அரிசி, வரும்போது கிடைத்த சரக்கு. எந்த வண்டிக்கு எந்த லோடு, யார் எந்தப் பக்கம் போவது என்று பார்க்க ஆபீசில் உட்கார்ந்திருப்பவன்தான் பாண்டுரங்கன். முன்னாளில் அவனும் டிரைவர். முதுகுவலி என்று சொல்லி நாற்காலிக்கு மாறிக்கொண்டான். லைசென்ஸை மட்டும் தவறாமல் புதுப்பித்து, "நான் ஓட்டாத ரோடாப்பா?" என்று பீற்றிக்கொண்டிருப்பான்.

நாலு வருடத்துக்கு முன்னால், முதலாளி அவசரத்துக்கு வெளியிலிருந்து ஒரு டிரைவரைப் பிடித்து வண்டியைக் கொடுத்தார். தூக்கமில்லாமல் வந்த ஆள். வண்டி கவிழ்ந்து அவன் செத்துப்போனான். அன்றைக்கு முதலாளி இரண்டு சட்டம் போட்டார். வெளியாள் கையில் இனி ஸ்டீயரிங் கிடையாது. வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டித் திரும்பியவனுக்கு ஆறு நாள் வீடு. அந்த ஆறு நாளும் அவனே கேட்டாலும் சாவி தரக்கூடாது. பத்தாயிரத்துக்குக் குறைந்தால் இரண்டு நாள்தான், அதிலும் அவசரமென்றால் பாதியில் கூப்பிடலாம்.

நல்ல சட்டம்தான். அதனால் எங்கள் பிழைப்பே அந்தப் பத்தாயிரத்தைத் துரத்துவதாக ஆகிவிட்டது. எந்த ஊர் குடோனில் இறக்க மூன்று நாள் ஆகும், எங்கே காலையில் போனால் மத்தியானம் வெளியே வரலாம், எந்தத் திருப்பம் நூறு கிலோமீட்டரைக் கூட்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஓடாமல் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் வீட்டில் கழிக்கவேண்டிய நேரம் என்று நினைத்துத்தான் ஓட்டுவேன். செட்டிலேயே அதிக கிலோமீட்டர் என்னுடையதுதான் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பாண்டுரங்கனின் வேலை அங்கேதான். ஒருவன் ஒன்பதாயிரத்தை நெருங்கினால் போதும், அவனுக்குக் கிட்டத்து ஊருக்குக் குட்டை லோடாகப் பார்த்துப் போடுவான். ஒன்பதாயிரத்து அறுநூறு, எழுநூறில் செட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்திவிடுவான். ரெண்டு நாள் வீடு. அதிலும் மறுநாளே போன் வரும். "அவசர லோடுப்பா, போய்ட்டு வந்து மிச்ச நாள எட்த்துக்கோ" என்பான். வண்டி நிற்காமல் ஓடுகிறது என்று முதலாளியிடம் நல்ல பெயர் அவனுக்கு.

எனக்கு ஒரே தங்கை, சிவசங்கரி. மேலே ஜமுனாமரத்தூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை அசோக்குமார் உரக்கடை வைத்திருக்கிறார். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை, அபிநயா. போன மாசியில் காதுகுத்து வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் குழந்தை உட்காரவேண்டியது தாய்மாமன் மடியில். தட்டு வரிசை, புடவை, தோடு எல்லாம் அப்புறம். முதலில் மடி. அவளுக்கு இருப்பதே நான் ஒருத்தன்தான்.

அந்தக் காதுகுத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது நான் நாக்பூரில் இருந்தேன். கிளம்பியதிலிருந்து ஏழாயிரத்து நூறு ஓடியிருந்தது. அங்கிருந்து திரும்பியிருந்தால் ரெண்டு நாள் விடுப்பு, அதைக் காதுகுத்துக்கு வைத்துக்கொண்டிருக்கலாம். பாண்டுரங்கன் போன் செய்தான்.

"ஆக்ராவுக்கு ஒரு லோடு கீதுப்பா. போய் எறக்கிட்டு அங்கியே திரும்பற லோடும் ரெடி. வூட்டுக்கு வரும்போது பத்தாயிரம் தாண்டிடும். காதுகுத்துக்கு ரெண்டு நாளு முன்னாடியே வந்துடலாம். ஆறு நாளு ராஜா மாதிரி இருந்துட்டு போ."

ஆறு நாள்! எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. சரி என்றேன்.

ஆக்ராவில் இறக்கினேன். திரும்பும் லோடு இல்லை. "இன்னிக்கி வந்துடும்பா" என்றான். மறுநாள் "நாளைக்கி" என்றான். நாலு நாள். எனக்கென்று வைத்திருந்த லோடைத் தன் மச்சான் ஓட்டும் வேறு செட்டு வண்டிக்குத் திருப்பிவிட்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. ஐந்தாம் நாள், காலி வண்டியாகவே வந்துவிடுகிறேன் சார் என்று கெஞ்சினேன்.

"காலியா வந்தியின்னா வேல இல்ல. வண்டிய அங்கியே வுட்டுட்டு ரயில் ஏறினாலும் வேல இல்ல. நிதானமா லோடு ஏத்திக்கினு வா. காதுதானே, இன்னிக்கி இல்லன்னா நாளைக்கி" என்றான்.

கடைசியில் லோடு கிடைத்து, குளிக்காமல் கொள்ளாமல் ஓட்டி வந்தேன். போளூருக்குள் நுழையும்போது காதுகுத்து முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. முகூர்த்த நேரம் போகிறது என்று, பந்தலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்த எவனையோ முறைக்கு மாமனாகிறான் என்று கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறார்கள். குழந்தை அவன் மூஞ்சியைப் பார்த்துக் கத்தியிருக்கிறது. சங்கரியின் மாமியார் மாணிக்கம்மாள் பந்தி நடுவே நின்று, "எங்க மருமவளுக்கு அண்ணன் கீறாரு, போட்டோவுல" என்று சொல்லியிருக்கிறாள். சாப்பிட உட்கார்ந்த சனமெல்லாம் சிரித்ததாம்.

செட்டில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். பாண்டுரங்கன் மீட்டரைப் பார்த்தான். நாக்பூரில் நிற்கும்போது ஏழாயிரத்து நூறு, திரும்பி வந்தபோது ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.

"அடடா, நாப்பது கொறையுதேப்பா. ரெண்டு நாளுதான்" என்றான். சிரித்தான்! அடப்பாவி, சிரித்தான். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் வரைந்து காட்டச் சொன்னால் காட்டுவேன்.

மறுநாள் மலையேறி சங்கரி வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை மட்டும் கடையிலிருந்து டீ வாங்கி வந்து கொடுத்தார். அதற்குப் பிறகு போன் செய்தால் எடுக்கமாட்டாள். என் மனைவி ஜெயசுதா எடுத்துப் பேசினால் பேசுவாள். என் குரல் கேட்டால் கட் செய்துவிடுவாள். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தால் பாண்டுரங்கன் ஞாபகம், கியர் போட்டால் பாண்டுரங்கன் ஞாபகம். "வூட்ல கீற ரெண்டு நாளும் அந்தாளு கூடத்தான் குடும்பம் நடத்தற" என்று ஜெயசுதா தலையில் அடித்துக்கொள்வாள். பாண்டுரங்கனை அடிப்பதற்குத் தடி எடுத்தவன்தான் நான். அடித்தால் ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்துவிடும். எனக்கு வடியாத வீக்கம் வேண்டியிருந்தது.

ஆடி மாதம் கடவுள் கண்ணைத் திறந்தார். பாண்டுரங்கனே பத்திரிகையை நீட்டினான். அவன் தங்கை வடிவு, அமிர்தி பக்கம் கட்டிக் கொடுத்தது. அவள் மகனுக்குக் காதுகுத்து. ஆவணி கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை, அவர்கள் குலதெய்வம் கோவிலில். தாய்மாமன் என்று பாண்டுரங்கன் பேரைப் பெரிதாகப் போட்டிருந்தது.

"குடும்பத்தோட வரணும்பா" என்றான்.

"கண்டிப்பா வர்றேன் சார்" என்றேன். மனதாரச் சொன்னேன்.

எங்கள் செட்டில் தவறவே தவறாத லோடு ஒன்று உண்டு. ஒவ்வொரு தமிழ் மாதமும் கடைசி வெள்ளிக்கிழமை சாயந்திரம் புனேவுக்கு அரிசி கிளம்பவேண்டும். முதலாளியின் அப்பா காலத்து வாடிக்கை. இடி விழுந்தாலும் போகும். போக இரண்டு நாள், வர இரண்டு நாள். வெள்ளிக்கிழமை கிளம்பியவன் ஞாயிற்றுக்கிழமை அமிர்தியில் இருக்க முடியாது. அந்த லோடுக்கு எப்போதும் பத்தாயிரத்துக்குக் குறைந்து வந்து நிற்கும் ஒரு டிரைவரைத்தான் பாண்டுரங்கன் தள்ளிவிடுவான். அந்த வெள்ளிக்கிழமை அப்படி ஒருத்தன்கூட இல்லாமல் போனால்? வெளியாளுக்கும் ஸ்டீயரிங் கிடையாது. மிச்சம் இருக்கும் ஒரே லைசென்ஸ் யாருடையது?

இந்த யோசனை வந்தபோது நான் இந்தூரில் குடோன் வாசலில் நின்றிருந்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து வண்டிக்காரன் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

மற்ற ஆறு பேரிடமும் ஒவ்வொருவராகப் பேசினேன். பேசவேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒவ்வொருத்தனிடமும் ஒரு நாற்பது கிலோமீட்டர் கதை இருந்தது. கோபாலுக்கு அவன் பெண்டாட்டியின் பிரசவம். ஒருத்தனுக்குப் பெரியப்பா சாவு. இன்னொருத்தனுக்கு வீடு குடிபோனது. "அண்ணே, நீ சொல்லு, நான் வண்டிய பின்னாடியே ஓட்டிக்கினு வரச் சொன்னாலும் வர்றேன்" என்றான் கோபால்.

சொல்ல எளிது. ஏழு பேர் ஏழு ஊரில் இருக்கிறோம். ஏழு பேருக்கும் அந்த வெள்ளிக்கிழமை பத்தாயிரம் தாண்டியிருக்கவேண்டும், ஏழு பேரும் அன்றைக்கே செட்டுக்குள் நுழையவேண்டும். முன்னாலேயே ஒவ்வொருத்தனாக வந்து நின்றால் பாண்டுரங்கன் உஷாராகிவிடுவான், பின்னால் வருபவன் இருந்தால் அவனுக்காகக் காத்திருப்பான். இருபது நாள் நான் வண்டியும் ஓட்டினேன், ஆறு பேரையும் போனிலேயே ஓட்டினேன். முந்துகிறவனை குடோன் வரிசையில் கடைசியில் நிற்கச் சொன்னேன். பிந்துகிறவனுக்கு இறக்கும் ஆட்களைப் பேசிவிட்டேன். கோபாலுக்கு வழக்கம்போலக் குட்டை லோடு போட்டு ஒன்பதாயிரத்து அறுநூறில் முடிக்கப் பார்த்தான் பாண்டுரங்கன். விஜயவாடாவிலிருந்து நேராக வராதே, கர்னூல் போய்க் கடப்பா சுற்றி வா என்றேன். சுற்றிய தூரத்துக்கு டீசல் கைக்காசு. எல்லோரும் போட்டோம், ஒருத்தன்கூட முணுமுணுக்கவில்லை.

எனக்கே மறுபடி இந்தூரில் மாட்டி, திரும்பும் லோடு இழுக்கப் பார்த்தது. பதினாறு வருட அனுபவத்தையும் கொட்டி, நானே தரகர்களைப் பிடித்து, ஈரோட்டுக்கு ஒரு லோடு ஏற்றினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏழு வண்டியும் கண்ணமங்கலத்தில் ஒன்று சேர்ந்தோம். டீ குடித்தோம். மூன்று மணிக்கு வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டு போளூர் செட்டுக்குள் நுழைந்தோம். பாண்டுரங்கன் வெளியே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். முதல் வண்டி வரும்போது சிரித்தான். நாலாவது வண்டி வரும்போது அவன் உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தான். ஏழாவது வண்டி என்னுடையது.

ஏழு சாவியையும் மேஜைமேல் வைத்தோம். ஒவ்வொரு மீட்டராக ஓடி ஓடிப் பார்த்தான். பத்தாயிரத்து இருபது, பத்தாயிரத்து நூற்று ஐந்து, பத்தாயிரத்துப் பதினொன்று. கோபாலுடையது பத்தாயிரத்து மூன்று. அந்த மூன்றைப் பார்த்தபோதுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையைச் சொறிந்துகொண்டேன்.

"கோபாலு, மூணு கிலோமீட்டர்தானேப்பா, இந்த ஒரு தபா..."

"மொதலாளி சட்டம் சார். எங்க கையில இன்னா கீது?" என்றான் கோபால்.

முதலாளி வந்தார். கண்ணாயிரம் அதிகம் பேசமாட்டார். மேஜையைப் பார்த்தார், வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்தார், ஏற்றித் தார்ப்பாய் கட்டத் தயாராயிருந்த அரிசி மூட்டைகளைப் பார்த்தார்.

"புனேக்கு யாரு?"

"மொதலாளி, வெளிய ஒருத்தன புடிச்சி..."

"வெளிய ஒருத்தன புடிச்சி ஒருத்தன சாவடிச்சது போதும். உன் லைசென்ஸு உயிரோடதானே கீது?"

பாண்டுரங்கனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஞாயித்துக்கெழம தங்கச்சி புள்ளைக்கி காதுகுத்து மொதலாளி. நான்தான் மடியில வெக்கணும்."

"ஏழு பேரு வர்ற தேதி உன் நோட்லதானே கீது? காதுகுத்து தேதியும் உனக்கு தெரியும். முன்னாடியே பாத்திருக்க வேணாமா? கெளம்பு" என்றார் முதலாளி.

நாலரை மணிக்குக் கிளம்பினான். முதுகுக்கு ஒரு தலையணை எடுத்துக்கொண்டு ஏறினான். நாங்கள் ஏழு பேரும் கேட்டருகே நின்று அவனை வழியனுப்பினோம். "நிதானமா போய்ட்டு வாங்க சார்" என்று கோபால் கை ஆட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு அமிர்திக்குப் போனேன். கூப்பிட்ட விசேஷத்துக்குப் போகாமல் இருக்கலாமா? கோவில் முன்னால் பந்தல். தாய்மாமனுக்கென்று பட்டுத்துணி விரித்த நாற்காலி, அதில் யாரும் இல்லை. நான் நேர் எதிரில் இடம் பார்த்து உட்கார்ந்தேன். இட்லி வந்தது, நாலு வாங்கிச் சாப்பிட்டேன். அன்றைக்குச் சாப்பிட்ட இட்லியின் ருசி வேறு எங்கேயும் கிடைத்ததில்லை.

முகூர்த்தம் நெருங்கியது. ஆசாரி ஊசியை எடுத்து வைத்தார். மாப்பிள்ளை வீட்டுச் சனம் குசுகுசுவென்றது. வடிவு, பாண்டுரங்கனின் தங்கை, புதுப்புடவையில் பந்தலுக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். நான் செட்டு டிரைவர் என்று யாரோ சொல்லியிருக்கவேண்டும், என்னிடம் வந்தாள்.

"நீங்க அண்ணன் ஆபீஸ்தானேங்க? எங்க வந்துக்கினு கீதுன்னு கொஞ்சம் கேட்டு சொல்லுங்களேன். நான் போன் பண்ணா எடுக்கவே மாட்டேங்குது."

போன் போட்டேன். என் பெயரைப் பார்த்ததும் எடுத்துவிட்டான். புனே போகும் வழியில் சதாராவைத் தாண்டி ஒரு ஓட்டலருகே நிற்கிறானாம். கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பேசினேன்.

"சார், எல்லாரும் காத்துனு கீறாங்க. உங்க தங்கச்சி ரோட்டையே பாத்துனு கீது."

பந்தலில் நாதஸ்வரம் வாசித்தது அவனுக்கும் கேட்டிருக்கும். அப்புறம்தான் அழ ஆரம்பித்தான். "ராஜாக்கண்ணு, நீதான்டா பண்ண. தெரியும்டா. என்ன வுட்ரு, அவ இன்னாடா பண்ணா? மாப்ள வூட்ல அவள வார்த்தயாலயே கொன்னுடுவாங்கடா. வண்டிய இங்கியே வுட்டுட்டு வந்துடட்டுமா?"

"வண்டிய வுட்டுட்டு வந்தா வேல இல்ல சார். காதுதானே. இன்னிக்கி இல்லன்னா நாளைக்கி" என்றேன்.

திரும்பி வந்து வடிவிடம், வரமுடியாதாம்மா என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. பாவம்தான். ஆனால் பாவம் பார்க்க நான் அங்கே போகவில்லை. யாரோ ஒரு தூரத்து மாமன் பட்டுத்துணியில் உட்கார்ந்தான், பிள்ளை கத்தியது, மாப்பிள்ளையின் அக்கா ஏதோ சொன்னாள், நாலு பேர் சிரித்தார்கள். முழுக்க இருந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ் பிடித்து ஜமுனாமரத்தூர் போனேன். மாசியில் கொடுக்கமுடியாமல் போன புடவையும் தோடும் பையில் இருந்தன. இந்தச் சேதியைக் கேட்டால் சங்கரியின் மனம் ஆறும், சிரித்துவிட்டுப் பழையபடி அண்ணா என்று கூப்பிடுவாள், அதற்காகத்தான் இத்தனையும் என்று மலை வளைவுகளில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

அவள் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து போவதற்குள் "உனக்காக ஒன்னு பண்ணிட்டு வந்திருக்கறேன், கேட்டுட்டு போ" என்றேன். உட்கார்ந்தாள். முதலிலிருந்து சொன்னேன். இந்தூர், கோபால், கடப்பா, ஏழு சாவி, தலையணை, அழுகை. கோபாலின் மூன்று கிலோமீட்டரைச் சொன்னபோது அவள் உதட்டோரம் சிரிப்பு வந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"ஏழு வண்டியும் அன்னிக்கே வந்துச்சா?" என்றாள். ஆறு மாதத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"அன்னிக்கே! ஒரே நேரத்துல!"

"யாரு பாத்து பாத்து கொண்ணாந்தது?"

"நான்தான். வேற எவனால ஆவும்?"

"உனுக்கு அங்க திரும்ப லோடு கெடைக்கலன்னா இன்னா பண்ணியிருப்ப?"

"இன்னா பண்றது? காலி வண்டியாவாவது ஓட்டிக்கினு வந்திருப்பேன். வேல போனா மசுரே போச்சின்னு வந்திருப்பேன். அந்த வெள்ளிக்கெழமய வுட்ருவனா?"

புடைத்துக்கொண்டிருந்த முறம் நின்றது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கோபம் இருந்திருந்தால் எனக்குப் பழகியதுதான், தாங்கியிருப்பேன்.

"அப்போ உன்னால ஆவும்" என்றாள். "அந்தாளு அழறத பாக்கறதுக்கு வேலைய வுட ரெடியா இருந்த. ஆக்ராவுலேர்ந்து எனுக்காக காலி வண்டிய ஓட்டிக்கினு வர்றதுக்கு மட்டும் வேல போயிடும்."

"அது இல்ல சங்கரி, அவன்தான் ஆறு நாளுன்னு..."

"எனுக்கு ஆறு நாளு எதுக்குண்ணா? நாக்பூர்லேர்ந்தே ரெண்டு நாளுல வந்திருக்கலாம். எனுக்கு அர மணி நேரம்தான் வேண்டியிருந்துச்சி."

பையிலிருந்து புடவையை எடுத்துத் தரையில் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"இத கொண்டும்போய் அந்த வடிவுகிட்ட குடுத்துட்டு வா" என்றாள். முறத்தை எடுத்துக்கொண்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.